உங்களுக்குத் தெரியுமா? உருண்டையாக இருப்பதும் உருண்டையாகிவிடுவதும்

கண் டாக்டர் எழுதித்தரும் சீட்டில் 'எஸ்.பி.எச்' என்று ஒரு கட்டம் இருக்கும். கோளம் என்று பொருள்படும் 'ஸ்ஃபியர்' என்பதன் சுருக்கம் அது. எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வளைந்த லென்ஸ் எவ்வளவு பவரில் வேண்டும் என்பதை அந்த எண் சொல்கிறது. மைனஸ் போட்டிருந்தால் கிட்டப்பார்வை, பிளஸ் போட்டிருந்தால் தூரப்பார்வை. பக்கத்தில் 'சி.ஒய்.எல்' கட்டத்திலும் எண் இருந்தால், பெரும்பாலும் உங்கள் கண்ணின் முன்படலமான கார்னியா ஒரு திசையில் கூடுதலாகவும் மறு திசையில் குறைவாகவும் வளைந்திருக்கிறது என்று அர்த்தம். பெரியவர்களின் கண், முன்னிருந்து பின்னாகச் சுமார் 24 மி.மீ. நீளம். அதில் ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடினால் போதும், பவர் மைனஸ் இரண்டரைக்கு மேல் போய்விடும்.

சீழ்க்கட்டியைக் கீறி எடுத்த சீழை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, உருண்டைக் கிருமிகள் கொத்துக்கொத்தாக இருப்பதை 1880-ல் கண்டுசொன்னவர் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகர அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன். திராட்சைக் கொத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைச் சேர்த்து 1882-ல் 'ஸ்டஃபைலோகாக்கஸ்' என்று பெயரும் வைத்தார். இந்தக் கிருமி இரண்டாகப் பிரியும்போது ஒருமுறை ஒரு திசையிலும் அடுத்தமுறை வேறு திசையிலும் பிரியும். அதனால்தான் கொத்து. தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஒரே திசையில் பிரிவதால் சரமாக நீள்கிறது.

ரத்தச் சிவப்பணு உருண்டை வடிவம் கொண்டதல்ல. இரண்டு பக்கமும் நடுவில் குழிந்த தட்டு அது. அகலம் 7 அல்லது 8 மைக்ரான். மண்ணீரலில் அதைவிடக் குறுகலான இடுக்குகள் உண்டு. தட்டாக இருப்பதால் மடங்கி, நெளிந்து வெளியே வந்துவிடும். இப்படியே சுமார் 120 நாள் ஓடும். சிலருக்கு அணுவின் சவ்வைத் தாங்கிப் பிடிக்கும் புரதத்தில் பிறவியிலேயே குறை இருக்கும். சவ்வு கொஞ்சம் கொஞ்சமாக உதிர, பரப்பு சுருங்கி, தட்டு உருண்டையாகிவிடும். ஒரே கொள்ளளவுக்கு மிகக் குறைந்த பரப்பு உள்ள வடிவம் கோளம்தான். மடங்குவதற்கு அதில் உபரித் தோல் இல்லை. மண்ணீரல் இடுக்கில் மாட்டி, உரிய காலத்துக்கு வெகு முன்பே அழிந்துபோகும். இந்த நோயைப் 'பரம்பரை ஸ்ஃபீரோசைட்டோசிஸ்' என்கிறார்கள். ஸ்லைடில் பார்த்தால், மற்ற அணுக்களின் நடுவில் தெரியும் வெளிர் வட்டம் இந்த உருண்டை அணுக்களில் இருக்காது. சிறிதாக, முழுதும் அடர்ந்த சிவப்பாக இருக்கும். ரத்தசோகை, அடிக்கடி வரும் மஞ்சள்காமாலை, சின்ன வயதிலேயே பித்தப்பைக் கல்: இவை ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு இருந்தால் இந்த நோயை நினைக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையால் இது தீராது.

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் 'ஈ.ஜி.எஃப்.ஆர்' என்று வருவதில் உள்ள 'ஜி', கிளாமருலஸ். ரத்த நுண்குழாய்கள் சுருண்டு சுருண்டு உருவான, கால் மில்லிமீட்டர்கூட இல்லாத குட்டிப் பந்து. ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் இருக்கும். இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து நாளுக்கு 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக அனுப்புகின்றன. ஈ.ஜி.எஃப்.ஆர் எண் 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால், அது நாள்பட்ட சிறுநீரக நோய்.

இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலை ஒரு பந்து. அது சுழல ஒரு கிண்ணம். இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி 1962-ல் செயற்கை மூட்டில் பயன்படுத்திய உலோகப் பந்து வெறும் 22 மி.மீ. இயற்கைப் பந்தில் பாதி அளவுதான். பந்து சிறுத்தால் உராய்வின் இழுவை குறையும் என்பது அவர் கணக்கு. இன்றைய மூட்டு மாற்று சிகிச்சை அந்தக் கணக்கிலிருந்து வளர்ந்தது.

சிலருக்கு எச்சில் விழுங்கும்போது தொண்டையில் ஏதோ உருண்டை நிற்பதுபோல இருக்கும். சோறு தடையின்றி இறங்கும். இதற்கு 'குளோபஸ்' என்று பெயர். பெரும்பாலும் அங்கே கட்டி எதுவும் இருக்காது. சோறே இறங்கவில்லை, எடை குறைகிறது என்றால் தாமதிக்கக் கூடாது.

நுரையீரலில் குமிழ் போன்ற காற்றுப்பைகள் கோடிக்கணக்கில் உள்ளன. அவற்றின் உட்புறம் ஈரம். ஈரத்தின் பரப்பு இழுவிசை ஒவ்வொரு பையையும் சுருக்கப் பார்க்கும்; பை சிறிதாகச் சிறிதாக அந்த அழுத்தம் ஏறும். அதைத் தணிப்பது 'சர்ஃபாக்டன்ட்' என்ற வழுவழுப்பான பூச்சு. மாதம் நிறையாமல் பிறக்கும் குழந்தைகளிடம் அது போதுமான அளவு இருப்பதில்லை என்று 1959-ல் காட்டியவர் மருத்துவர் மேரி எலன் ஏவரி. அடுத்த நான்காம் ஆண்டில், அமெரிக்க அதிபர் கென்னடியின் குறைமாதக் குழந்தை பேட்ரிக் பிறந்த 39 மணி நேரத்தில் மூச்சு முட்டி இறந்தது. அன்றைக்குக் கொடுக்க மருந்து இல்லை. 1980-ல் ஜப்பானின் டெட்சுரோ ஃபுஜிவாரா, மாட்டின் நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டைக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் செலுத்திப் பலன் கண்டார். பிறப்பதற்கு முன்பே நுரையீரலைப் பக்குவப்படுத்த, தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியும் உண்டு. குறைமாதப் பிரசவமாகும் ஆபத்து இருக்கிறது என்று டாக்டர் அந்த ஊசியைப் போடச் சொன்னால், ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டுப் பயந்து மறுத்துவிடாதீர்கள்.