செம்பு அமரும் இடம்

முட்டை வெள்ளைக்கருவைத் தண்ணீரில் கலக்கி, கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றி, மயில்துத்தக் (செம்பு சல்பேட்) கரைசலை இரண்டு சொட்டு விட்டால் ஊதா நிறம் படரும். இதுதான் பையூரெட் சோதனை. 'புரதம் உள்ளது' என்று குறிப்பேட்டில் எழுதியதோடு பள்ளி ஆய்வகத்தில் வேலை முடிந்துவிடுகிறது. செம்பு அயனியின் வேலையோ அங்கேதான் கவனிக்கத்தக்கதாகிறது.

அதைப் பார்க்கப் பெரிய புரதம் வேண்டாம். கிளைசின் என்ற அமினோ அமிலம் மூன்று கோத்த ட்ரைகிளைசின் போதும். லேசான அமிலக் கரைசலில் செம்பு, சங்கிலியின் முனையிலுள்ள அமினோ நைட்ரஜனையும் பக்கத்து ஆக்சிஜனையும் மட்டும் பற்றிக்கொள்கிறது. நிறம் நீலம். அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்டைடு பிணைப்பிலுள்ள நைட்ரஜன் தன் ஹைட்ரஜனை லேசில் விடாது; தனியாக இருந்தால் பிஹெச் 15 அளவுக்குப் போக வேண்டும். செம்பு அருகில் வந்துவிட்டால் 5-ஐத் தாண்டியதுமே விடத் தொடங்குகிறது! 7-ஐ நெருங்குகையில் இரண்டாவது ஹைட்ரஜனும் போகிறது. காலியான இடங்களில் செம்பு பிணைந்துகொள்கிறது.

நைட்ரஜன்கள் கூடக் கூட, செம்பு உறிஞ்சும் ஒளி சிவப்பிலிருந்து பச்சையை நோக்கி நகரும். தண்ணீரில் தனித்த அயனிக்கு அது 800 நானோமீட்டர் அருகே. ட்ரைகிளைசினுடன் சுமார் 555. நீலம் ஊதாவாவது இதனால்தான். இரண்டே அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு இந்த ஊதாவைத் தருவதில்லை.

மூன்றாம் இடத்தில் ஹிஸ்டிடின் இருந்தால் பிடி இன்னும் இறுகும். அதன் பக்கச் சங்கிலியிலும் ஒரு நைட்ரஜன் உண்டு. மோதிரத்தில் கல் பதித்ததுபோல் நான்கு நைட்ரஜன்கள் செம்பைச் சுற்றி வளைத்துவிடும். மனித ரத்தத்தின் அல்புமின் இப்படித்தான் தொடங்குகிறது: அஸ்பார்டிக் அமிலம், அலனின், ஹிஸ்டிடின். 585 அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தில் செம்பை இறுகப் பிடிப்பது இந்த முனைதான். நாயின் அல்புமினில் அந்த மூன்றாம் இடத்தில் டைரோசின் இருக்கிறது. செம்பைப் பிடிக்கும் பலம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

1973-இல் லோரன் பிக்கார்ட் மனித ரத்தப் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த பெப்டைடில் கிளைசின், ஹிஸ்டிடின், லைசின் என்று ஹிஸ்டிடின் இரண்டாம் இடத்தில் வருகிறது. அது தருவது மூன்று நைட்ரஜன்களே. நான்காம் இடம் தண்ணீருக்கோ வேறு மூலக்கூறுக்கோ திறந்திருக்கிறது. கரைசல் ஊதாவாகாமல் நீலமாகவே நிற்கும். முகப்பூச்சுக் கடைகளில் 'காப்பர் பெப்டைடு' என்று விற்கும் சீரத்தின் நீலமும் இதுவே. அதில் அமிலம் கூடினால் நைட்ரஜன்களுக்கு ஹைட்ரஜன் திரும்பி வரும், செம்பு கழன்றுவிடும்.