டிரம்மர் இல்லாத இசைக்குழு

உங்களுக்குத் தெரியுமா?

வேல்ஸின் கார்டிஃப் நகரில் 1978இல் உருவான ‘யங் மார்பிள் ஜயன்ட்ஸ்’ குழுவில் டிரம்மரே கிடையாது! மேடையில் தாளம் போட்டது ஒரு கேசட்.

• அண்ணன் தம்பிகளான ஸ்டூவர்ட், ஃபிலிப் மோக்ஸம். பாடகி ஆலிசன் ஸ்டாட்டன். அவ்வளவுதான் குழு.

• முழுநீள ஸ்டுடியோ ஆல்பம் ஒன்றே ஒன்று: 1980இல் வந்த ‘கொலோசல் யூத்’. பங்க் ராக் இசையின் இரைச்சல் ஓயாத காலம் அது. இவர்களோ, பக்கத்து அறையில் தூங்கும் குழந்தை விழித்துவிடுமோ என்று பயந்தவர்கள்போல வாசித்தார்கள். சீக்கிரமே குழு கலைந்தது.

• ‘நிர்வானா’ ராக் குழுவின் பாடகர் கர்ட் கோபெய்ன் தமக்குப் பிடித்த 50 ஆல்பங்களில் இதையும் குறித்துவைத்திருந்தார். அவர் மனைவி கோர்ட்னி லவ்வின் ‘ஹோல்’ குழு, இதிலுள்ள ஒரு பாட்டை 1994இல் தன் ஆல்பத்தில் பாடியது. டிரம்மரோடு!