சேமிப்பில் மிகையும் வரியும்

உங்கள் இல்லத்தில் மாதச் சம்பளம் பெறுவோர் எவரேனும் இருப்பின், அவருடைய சம்பளப் பட்டியலை ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் 'வருங்கால வைப்புநிதி' என்றொரு பிடித்தம் காணப்படும். முதுமைக் காலத்திற்கென்று சேர்ந்து வரும் பணம் அது. பொதுவாக அடிப்படை ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் 12 விழுக்காடு பிடிக்கப்படும். விரும்புவோர் அதற்கு மேலும் செலுத்தலாம்.

இந்நிதியின் வட்டிக்கு நெடுங்காலம் வருமான வரி இல்லாதிருந்தது. பெருவருவாய் உடையோர் சிலர் இச்சலுகையைக் கருதியே பெருந்தொகைகளைச் செலுத்தி வந்தனர். ஆதலால் 2021-22 நிதியாண்டு முதல் ஒரு வரம்பு வகுக்கப்பட்டது. ஊழியர் தம் பங்காக ஆண்டொன்றுக்கு 2,50,000 ரூபாய்க்கு மேல் செலுத்தினால், அம்மிகைத் தொகையின் வட்டிக்கு வரி உண்டு. முதலாளியின் பங்கு சேராத நிதியாயின் வரம்பு 5,00,000 ரூபாய்.

வரி விதிக்கப்படுவது மிகைத் தொகைக்கு அன்று, அதன் வட்டிக்கே. ஒருவர் 3,00,000 ரூபாய் செலுத்தினார் எனக் கொள்வோம். மிகை 50,000. அது தனிக் கணக்கில் வைக்கப்படும். 2024-25ஆம் ஆண்டின் வட்டி வீதம் 8.25 விழுக்காடு. அவ்வீதப்படி, 50,000 ரூபாய் ஆண்டு முழுவதும் இருந்தால் வட்டி 4,125 ரூபாய். மறு ஆண்டில் அவர் மிகையே செலுத்தாவிடினும், அத்தனிக் கணக்கு வட்டி ஈன்றுகொண்டே இருக்கும். வரியும் ஆண்டுதோறும் தொடரும்.

'ஓய்வு பெறும்போதன்றோ பணம் கைக்கு வரும்? இப்போதே வரி எதற்கு?' என்று கேட்பீர்கள். வட்டி கணக்கில் ஏறிய ஆண்டிலேயே அது வருமானமாகக் கருதப்படுகிறது. 2024-25ஆம் ஆண்டில் அவ்வட்டி 5,000 ரூபாயைத் தாண்டினால்தான் முன்கூட்டி வரி பிடித்தார்கள். நம் எடுத்துக்காட்டில் பிடித்தம் இராது. எனினும் கடமை உண்டு. 10 விழுக்காடு பிடித்துவிட்டாலும், 30 விழுக்காட்டு வரி வீதத்தில் உள்ளவர் எஞ்சியதைச் செலுத்தியே ஆக வேண்டும்.

ஆகவே, ஆண்டுத் தொடக்கத்திலேயே 2,50,000ஐப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். மாதம் ஏறத்தாழ 20,833 ரூபாய் வரும். பிடித்தம் அதனை மிஞ்சினால், விருப்பமாகச் செலுத்தும் பகுதியைக் குறைக்கலாம். கட்டாயப் பகுதியைக் குறைக்க இயலாது. மிகை நேர்ந்துவிட்டால் கணக்கேட்டைப் பார்த்து, அவ்வட்டியைப் 'பிற வருமானம்' என்னும் தலைப்பில் தவறாது காட்டுதல் வேண்டும்.

சேமிப்பது நற்பழக்கம், சேமித்ததன் கணக்கை அறிந்து வைத்தல் அதனினும் நற்பழக்கம். வகுப்பறையில் நீங்கள் கற்கும் விழுக்காட்டுக் கணக்கு இதற்குப் போதும்.