ஆயிரத்தொன்றாவது தீவு

ஜகார்த்தா நகருக்கு வடக்கே ‘ஆயிரம் தீவுகள்’ எனப்படும் தீவுக்கூட்டம் உள்ளது. 2015ஆம் ஆண்டில் இந்தோனேசியக் கலைஞர் தித்தா சலினா அத்துடன் இன்னொரு தீவைச் சேர்த்தார். ஜகார்த்தா விரிகுடாவில் மிதந்த நெகிழிக் குப்பைகளை மீனவர்களின் துணையோடு சேகரித்து, மீன்வலைக்குள் அடைத்துக் கட்டி, கடலில் மிதக்கவிட்டு, அதன்மேல் தாமே ஏறிக்கொண்டார். கண்காட்சிக்கு வருவோர் காண்பது இதன் காணொளியை.

அக்காலத்தில் அவ்விரிகுடாவில் மணலைக் கொட்டிச் செயற்கைத் தீவுகளை எழுப்பும் பணி நடைபெற்றது. மீனவர்களோ தங்கள் மீன்பிடி இடங்களை இழந்துகொண்டிருந்தனர். தித்தா தம் படைப்பை ‘ஆயிரத்தொன்றாவது தீவு’ என்றதோடு, தீவுக்கூட்டத்திலேயே மிக நிலையானது என்றும் குறிப்பிட்டார். கிண்டல்தான், ஆனால், நெகிழி எளிதில் மட்குவதில்லையே!

கிள்ளான் ஆற்றோரம் வாழ்வோருக்கு இக்காட்சி புதிதன்று. குப்பை கடலைச் சேருமுன் வாரியெடுக்க, சூரிய ஆற்றலால் இயங்கும் மிதவை இயந்திரம் ஒன்று 2019இல் அவ்வாற்றில் நிறுத்தப்பட்டது.