சிலுவை போட்ட படிக்கல்

அருங்காட்சியகம் ஒன்றில் பார்த்த சதுர வெண்கலத் துண்டின் படத்தை அனுப்பி, வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மேலே சிலுவை, கீழே இரண்டு எழுத்து. கயிறு கோக்க ஓட்டையும் இல்லை. இது தாயத்தா, முத்திரையா?"

இரண்டும் இல்லை, படிக்கல். கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட பைசாந்தியப் பேரரசில் காசும் பண்டமும் நிறுத்த கல். எழுத்துகள்தான் துப்பு. 'ட'வைத் தலைகீழாகக் கவிழ்த்தது போலிருக்கும் கிரேக்க எழுத்து அவுன்சின் குறி. பக்கத்து ஆல்ஃபா, எண் 1. ஆக ஓர் அவுன்சு, ஏறத்தாழ 27 கிராம். அந்த நாட்டில் 12 அவுன்சு ஒரு பவுண்டு. ஒரு பவுண்டுத் தங்கத்தில் 72 பொற்காசு அடித்தார்கள். இந்தக் கல் 6 காசுக்குச் சமம்.

சரி, காசு நிறுக்கிற கல்லில் சிலுவை எதற்கு? என்னை விடாமல் பிடித்துக்கொண்ட கேள்வி இதுதான். வரி தண்டுகிறவன் கனத்த கல்லைத் தட்டில் வைத்தால், குடியானவன் கூடுதல் தங்கம் கொடுத்தே தீர வேண்டும். இந்தக் கொள்ளையைத் தடுக்கப் பேரரசர் ஜஸ்டினியன் 545இல் ஒரு சட்டம் போட்டார்: வரிக்கான மூல எடைகளையும் அளவைகளையும் ஒவ்வொரு நகரத்தின் தலைமைத் தேவாலயத்தில் வைத்துக் காக்க வேண்டும். அதிகாரியை நம்ப முடியாத இடத்தில் ஆண்டவனைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறார்கள். கல்லின் மேலுள்ள சிலுவையையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பொன்னை 'ஆடவல்லான்' என்னும் கல்லால் நிறுத்ததாக வருகிறதே, கூத்தனின் பெயரையே தாங்கிய அந்தக் கல்லை அறிந்தவர்களுக்கு இது விளங்கும்.

இந்தப் படிக்கற்களில் அருங்காட்சியகத்துக்குள் வந்தவை பிழைத்தன. வெளியே, உலோகங்காட்டும் கருவியோடு தோண்டி எடுப்பவர்கள் எந்த ஊர், எந்த மண் என்று குறித்து வைப்பதில்லை. வாங்குகிறவர்களோ, பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போடுவதுபோல் எதையாவது போட்டுப் பளபளக்கத் தேய்க்கிறார்கள். மனம் பதறுகிறது. பச்சைக் களிம்போடு அடியிலுள்ள உலோகமும் கரைந்து போகும். ஒரு காசு எடைக்கல்லின் மொத்தக் கனமே சுமார் நாலரை கிராம்தான். அதில் அரை கிராம் குறைந்தால், அன்று கடைக்காரன் கள்ளக்கல் வைத்திருந்தானா, இன்று நாம் தேய்த்துத் தீர்த்தோமா என்று யாராலும் சொல்ல முடியாது.