கடலடிக்குப் புறப்படுமுன்

சென்ற மே மாதத்து மாலையொன்றில், கல்முனைக்குடியில் என் அயலில் வாழும் நண்பர் ஒருவர் தம் மூத்த மகனை அழைத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். அவர் முகத்திற் கவலை குடிகொண்டிருந்தது.

"மாஸ்டர், நீங்கதான் இவனுக்குப் புத்தி சொல்ல வேணும். மட்டக்களப்புக் கடலுக்குள்ள தாண்டு கிடக்கிற கப்பலைப் பார்க்கப் போறானாம். இவன்ட உம்மா ரெண்டு நாளாச் சோறு தின்னல்ல" என்றார்.

அந்த அன்னையின் அச்சத்தை எவரும் பேதைமை என்று தள்ளிவிட முடியாது. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் காலையில் எழுந்து வந்த கடல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பதினாயிரத்திற்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை அந்நாளில் எவரையேனும் இழவாத குடும்பம் அரிது.

மகனோ பல்கலைக்கழக மாணவன், அடக்கமாகவே பேசினான். நண்பர் நால்வர் சேர்ந்து வாடகைக்குப் படகும் காற்றுக்குடுவைகளும் அமர்த்தியிருக்கின்றனராம். "பயப்பட ஒன்றுமில்லை, சேர். எனக்கு நன்றாக நீந்தத் தெரியும். ஒன்றரை நிமிடம் மூச்சடக்கவும் பழகியிருக்கிறேன்" என்றான். அவன் பெருமையுடன் சொன்ன அந்த ஒன்றரை நிமிடமே எனக்கு அச்சத்தை விளைவித்தது. காரணத்தைச் சிறிது விரித்துரைக்க வேண்டும்.

மூச்சடக்குதல் நம் முன்னோர் கைக்கொண்ட கலை. மன்னார்க் கடலில் முத்துக் குளித்தோர், கீழக்கரையிலிருந்து வந்த நம் சமயத்தவரும் பரதவரும் அராபியரும் ஆகிய அனைவரும், கயிற்றிற் கட்டிய கல்லைக் காலிற் கோத்துக்கொண்டு இறங்குவர். அராபியர் கொம்பினாற் செய்த கிடுக்கியால் மூக்கை அடைத்துக்கொள்வர். சுறா அணுகாதவாறு மந்திரம் ஓதுவதற்குக் 'கடல் கட்டி' என்று ஒருவர் இருந்தார். அவருக்கு ஆங்கில அரசாங்கமே ஊதியம் வழங்கியது என்றால் வியப்பாக இல்லையா? முத்துக் குளிப்போர் நீருள் இருந்த நேரம் பெரும்பாலும் ஒரு நிமிடத்தைச் சுற்றியே அமைந்தது.

அவர்கள் கரையில் உள்ளிழுத்த காற்றையே சுமந்து சென்றனர். பத்து மீற்றர் ஆழத்தில் நீரின் அமுக்கம் அக்காற்றைப் பாதியாக ஒடுக்கும். மேலே வருகையில் அது மீண்டும் பழைய அளவிற்கே விரியும். ஆதலின், மூச்சை எவ்வளவு அடக்கினாலும் நுரையீரலுக்குத் தீங்கில்லை.

1943 ஆம் ஆண்டு பிரான்சு தேசத்தில் கூஸ்தோ, கஞ்ஞான் என்னும் இருவர் அமைத்த சுவாசக் கருவி இக்கணக்கை அடியோடு மாற்றிவிட்டது. முதுகிற் சுமக்கும் உருக்குக் குடுவையிலிருந்து, ஆழத்தின் அமுக்கத்திற்குச் சமமான அமுக்கத்தில் அக்கருவி காற்றைத் தருகிறது. பத்து மீற்றர் ஆழத்தில் நெஞ்சு நிறைய அக்காற்றை வாங்கிய ஒருவன், பழைய பழக்கத்தால் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வருவானாயின் என்ன நிகழும்? காற்று இருமடங்காக விரியும். நெஞ்சுக்கூட்டில் அதற்கு இடமேது? நுரையீரல் கிழியும், காற்றுக்குமிழி இரத்தத்திற் புகுந்து மூளைக்கு ஏறும். ஓராள் உயரத்து நீரிற்கூட இவ்வாறு நேரலாம். ஆதலால், குடுவையோடு இறங்குபவனுக்கு முதற் பாடம், ஒருபோதும் மூச்சை அடக்காதே என்பது. பாட்டனுக்குப் பெருமை தந்த பழக்கம் பேரனுக்கு யமனாகிவிடுகிறது.

இனி, அந்த இளைஞர் காண விரும்பிய கப்பலுக்கு வருவோம். அதன் பெயர் ஹேர்மிஸ். விமானந்தாங்கிக் கப்பலாகவே வரையப்பெற்றுக் கட்டத் தொடங்கப்பெற்ற உலகின் முதற் கப்பல் அது. 1942 ஏப்ரல் 9 ஆம் நாள், தற்காப்பிற்கு ஒரு விமானமேனும் இன்றிச் சென்றுகொண்டிருந்த அதனை யப்பானிய விமானங்கள் மட்டக்களப்பிற்கு அப்பாலுள்ள கடலில் மூழ்கடித்தன. 307 பேர் மாண்டனர். கல்முனையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் வடக்கேயுள்ள மட்டக்களப்பின் கடலில் அது இன்றும் கிடக்கிறது. ஆழமோ சுமார் 53 மீற்றர்.

அவ்வாழத்தில் அமுக்கம் கரையிலுள்ளதைப்போல் ஆறு மடங்கிற்கும் அதிகம். கரையில் ஒரு மணி நேரத்திற்குப் போதுமான குடுவைக் காற்று அங்கே பத்து நிமிடத்திற்குள் தீர்ந்துபோகும். நைதரசன் வாயு மூளையை மயக்கும். மதுவை வாயில் வைத்தறியாதவனும் அங்கே குடித்தவன் போலத் தடுமாறுவான். பொழுதுபோக்காகச் சுழியோடுவோர்க்குக் கற்பிக்கும் எல்லை, முதற் பயிற்சியில் 18 மீற்றர், மேற்பயிற்சியில் 30, தனிப்பயிற்சி பெற்றார்க்கும் 40 மீற்றரே. ஹேர்மிஸ் கிடப்பது இவை எல்லாவற்றிற்கும் கீழே.

இவ்வளவு சொல்லியும் மாணவன் சளைக்கவில்லை. "கீழே போய்ச் சிறிது நேரம் பார்த்துவிட்டு உடனே மேலே வந்துவிட்டால்?" என்று கேட்டான்.

அந்த "உடனே" என்பதில்தான் இரண்டாவது ஆபத்து ஒளிந்திருக்கிறது. சோடாப் போத்தலை மெல்லத் திறந்தால் வாயு சிறிது சிறிதாக வெளியேறும். சடுதியில் திறந்தால் பொங்கி வழியும். ஆழத்தில் அமுக்கத்தால் இரத்தத்திற் கரைந்த நைதரசனும் அவ்வாறே. விரைந்து மேலேறினால் அது மூட்டுகளிலும் முள்ளந்தண்டிலும் குமிழியாகிறது, வலி தோன்றும், சிலருக்கு இடுப்பிற்குக் கீழ் உணர்ச்சியே அற்றுப்போகும். 1908 இல் ஹோல்டேன் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர் ஆடுகளைக் கொண்டு ஆராய்ந்து, எவ்வாழத்திலிருந்து எங்கெங்கே தங்கித் தங்கி ஏறவேண்டும் என்று அட்டவணை வகுத்தார். இன்றைய முறைப்படி நிமிடத்திற்கு 9 மீற்றருக்கு மேற்படாமல் ஏறி, ஐந்து மீற்றர் ஆழத்தில் மூன்று நிமிடமாவது காத்திருத்தல் வேண்டும். பேராழத்திற்கு இறங்கினாலோ இக்காத்திருப்பு இன்னும் நீளும். அதற்கான காற்றையும் கணக்கிட்டுக் கொண்டுசெல்ல வேண்டும்.

பசுபிக் சமுத்திரத்து துவாமோத்துத் தீவுகளில் முத்துச்சிப்பி எடுப்போர், குடுவையின்றி மூச்சடக்கியே முப்பது மீற்றருக்கும் அப்பால் இறங்குவர். நாள் முழுவதும் ஓய்வின்றி மூழ்கி எழுந்தவர்களுட் சிலர் தலை சுழன்று, கைகால் வழங்காது வீழ்ந்தனர். சிலர் மாண்டும் போயினர். அந்நோயைத் 'தாரவானா' என்று அவர்கள் அழைத்தனர். அதே கடற்பரப்பில் மாங்கரேவா தீவினரும் அத்தொழிலையே செய்தனர். ஆயினும், ஒவ்வொரு முழுக்கிற்கும் இடையே பத்து நிமிடமேனும் மேலே இளைப்பாறும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. அவர்களை அந்நோய் தீண்டவில்லை. 1965 இல் வெளியான ஆராய்ச்சிக் கட்டுரையொன்று இதனை எடுத்துக்காட்டியது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் சங்கும் கடலட்டையும் எடுப்பதற்காகக் குடுவையோடு இறங்கும் ஏழைத் தொழிலாளருள், முறையான பயிற்சியின்றி நாளுக்குப் பலமுறை மூழ்கி முடமானோர் இருக்கின்றனர். கடலட்டைக்கு நல்ல விலை உண்டு; ஆனால் அந்த விலையின் பெரும்பங்கு மூழ்குபவன் கைக்கு வருவதில்லை. இதனை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

எனவே, பயணத்திற்கு ஆயத்தம் என்றால் பை கட்டுவதன்று. முதலில் வைத்தியரிடம் செல்லுங்கள். ஆஸ்துமா, வலிப்பு, இருதய நோய், காதுச் சவ்விற் குறை ஆகியன உடையோர் வைத்தியரின் அனுமதியின்றி இறங்கலாகாது. தடிமன் பிடித்திருக்கும் நாளில் எவருமே இறங்கலாகாது. காதினுள் அமுக்கத்தைச் சமன்செய்ய இயலாது போய்விடும். உடலில் நீர் குறைந்திருப்பதும் நன்றன்று; ஆதலின் நோன்பு நோற்றிருக்கும் பகலிற் சுழியோட்டத்தைத் தவிர்ப்பதே அறிவுடைமை. விடுமுறையில் ஊர் வந்து மத்திய கிழக்கிற்குத் திரும்பும் இளைஞர் இன்னொன்றையும் மனங்கொள்ளட்டும்: பலமுறை சுழியோடியபின் விமானமேறப் பதினெட்டு மணி நேரமாவது பொறுத்திருத்தல் வேண்டும். உயரத்தில் அமுக்கம் குறைதலால், அடங்கியிருந்த நைதரசன் அங்கே குமிழியாகக்கூடும்.

பருவத்தையும் பார்க்க வேண்டும். நம் கீழ்க்கரையில் ஏப்ரல் முடிவிலிருந்து செப்டெம்பர் வரை கடல் தெளிந்திருக்கும். வாடைக்காற்றும் மாரியும் தொடங்கிவிட்டால் ஆறுகள் கொணரும் கலங்கலில் கையெட்டும் தூரமும் தெரியாது. துணையின்றி எவரும் இறங்கலாகாது. அமுக்க அறை உள்ள வைத்திய நிலையம் எங்கே, அங்குச் செல்ல எவ்வளவு நேரமாகும் என்பதைப் படகேறுமுன்பே விசாரித்து வைக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் கேட்டபின், மாணவன் நெடுநேரம் பேசாதிருந்தான். பின்பு, "அப்படியானால் எங்கே தொடங்குவது, சேர்?" என்றான். நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவைச் சொன்னேன். ஆழங்குறைந்த அப்பவளப்பாறைகளில், தகுதிபெற்ற ஆசிரியரோடு இறங்கிப் பழகலாம். நண்பர் தம் மகனைப் பார்த்து, "படகுக்குக் கொடுத்த முற்பணம் போனாப் போகட்டும்" என்றார்.

இரண்டு நாள் கழித்துச் செய்தி வந்தது. அன்னை இணங்கிவிட்டாராம், ஆனால் பயிற்சியின் முதல் நாளன்று தாமும் கூடச் சென்று கரையில் அமர்ந்திருப்பாராம். வேன் பேசியாகிவிட்டது.