கேப்டன் சீட்டை விட்டுக் கடைசி வரிசைக்கு... அமெரிக்க விமானிகள் ஏன் மாறுகிறார்கள்?

சின்ன விமான நிறுவனத்தில் கேப்டன். பெரிய நிறுவனத்துக்குப் போனால் மறுபடியும் துணை விமானி, அதுவும் பட்டியலில் கடைசி ஆள். தெரிந்தேதான் அமெரிக்க விமானிகள் போகிறார்கள். ஏன்?

எல்லாம் சீனியாரிட்டி எண் படுத்தும் பாடு. டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் போன்றவற்றில் எந்த விமானம், எந்த ஊர், கிறிஸ்துமஸுக்கு யாருக்கு லீவு என்பதையெல்லாம் அந்த எண்தான் முடிவு செய்யும். வெளியே பத்தாயிரம் மணி நேரம் பறந்தவராக இருந்தாலும் சரி, நேற்று சேர்ந்தவருக்குப் பின்னால்தான் நிற்கணும்.

ஓய்வு வயது 65. முப்பதில் போகிறவருக்கு யோசிக்கவே வேண்டாம். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் சிலர் முந்திவிடுவார்கள். 52-ல் போகிறவருக்கு மிச்சம் 13 வருஷம்தான். பெரிய விமானத்தின் கேப்டன் சீட் கிடைப்பதற்குள் ரிட்டயர்மென்ட் வந்துவிடலாம். இத்தனை நாள் சொந்த ஊரிலிருந்தே பறந்தவர், வேறொரு நகரத்தில் அறை எடுத்து, 'ரிசர்வ்' டியூட்டியில் போன் எப்போது அடிக்கும் என்று காத்திருக்கணும். ஆட்குறைப்பு வந்தால் முதல் அடியும் புதுசாகச் சேர்ந்தவருக்கே.

சரி, இருக்கிற இடமாவது பாதுகாப்பா என்றால், அதுவும் இல்லை. இந்தச் சின்ன நிறுவனங்கள் பெரும்பாலும் பெரியவற்றின் பெயரில், ஒப்பந்தத்தில் பறப்பவை. 2020 கொரோனாவில் காம்பஸ், டிரான்ஸ் ஸ்டேட்ஸ் இரண்டும் மூடப்பட்டன. பல வருஷம் சேர்த்த சீனியாரிட்டியும் அதோடு போச்சு. 52 வயதுக்காரரைக் குழப்புவது இதுதான்.